நைட் டெஸ்க் பதில்கள்: கேமரா வருமுன்னே

(நாளிதழ் ஒன்றின் நைட் டெஸ்க்கில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி நிறையக் கடிதங்கள் வந்ததால், இந்த வாரம் அது மட்டும்.)

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: சார், அந்தப் போராட்டத்தை டி.வி.தான் ஜெயிக்க வைத்தது என்கிறார் எங்கள் பேராசிரியர். சரியா?

கடைசிக் கட்டத்தில் சரி. 1965 மார்ச் 7 இரவு ஏ.பி.சி. டி.வி.யில் நாஜிகள் மீதான விசாரணை பற்றிய சினிமா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பாலத்தருகே போலீஸ் அடித்துத் துவைத்த காட்சியைப் போட்டார்கள். நாடே கொதித்தது. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

ஆனால் தம்பி, கேமரா வருமுன்னே அங்கே யார் இருந்தார்கள்? 1892-ல் மெம்ஃபிஸில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றது. அதை விடாமல் எழுதியவர் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். அவர் வெளியூர் போயிருந்த சமயம் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கி, திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்றார்கள். அம்மணி நியூயார்க்கில் இருந்தபடியே எழுதினார். 1905-ல் பிறந்த கறுப்பினப் பத்திரிகையான ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழைத் தென் மாநிலங்களுக்குள் ரயில் போர்ட்டர்கள்தான் கட்டுக்கட்டாகக் கடத்தினார்கள். டி.வி. வருவதற்குப் பல்லாண்டு முன்பே செய்தி தயார். பெரிய பத்திரிகைகளின் கண்ணுக்குத்தான் அது செய்தியாகப் படவில்லை.

வாசகி, கும்பகோணம்: ஐயா, சடலத்தின் கோரமான படத்தைப் பத்திரிகையில் போடலாமா? செத்தவருக்கு மரியாதை வேண்டாமா?

வேண்டும் அம்மா. அப்படிப்பட்ட படங்களைப் பெரும்பாலும் ஒதுக்கியே வேலை பார்த்தவன் நான். அதற்காக வருந்தவும் இல்லை.

எமெட் டில் விஷயம் வேறு. சிகாகோ பையன், 14 வயது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போனான். வெள்ளைக்காரக் கடைக்காரியிடம் தகாதபடி நடந்துகொண்டான் என்று சொல்லி, நள்ளிரவில் தூக்கிப்போய் அடித்துச் சுட்டு ஆற்றில் போட்டார்கள். அங்கேயே அவசர அவசரமாகப் புதைக்கப் பார்த்தார் ஷெரிஃப். தாய் மேமி விடவில்லை. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். என் பிள்ளைக்குச் செய்ததை ஊர் பார்க்கட்டும் என்பது அவர் நிலை. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். டேவிட் ஜாக்சன் எடுத்த படத்தை, சட்டைப்பைக்குள் அடங்கும் ‘ஜெட்’ என்ற கறுப்பின வார இதழ் செப்டம்பர் 15 தேதியிட்ட இதழில் போட்டது. பெரிய வெள்ளைக்கார ஏடுகள் அதைத் தொடவில்லை. நாசூக்காம்!

அந்த நாசூக்கு விசாரணையில் காணோம். கறுப்பின நிருபர்களைக் கோர்ட்டில் தனியாக ஒரு சின்ன மேசையில் உட்கார வைத்தார்கள். முழுக்க வெள்ளையரான ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரும் குற்றவாளிகள் இல்லை என்றது. சில மாதத்தில் அந்த இருவரும் ‘லுக்’ பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்றார்கள். ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டம் இடம் தராது.

‘ஜெட்’ போட்டது தாயின் சம்மதத்தோடு, தாயின் விருப்பப்படி. ‘லுக்’ கொடுத்தது கொலைகாரனுக்குக் காசு. எதைப் போடலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் யாருடைய சம்மதம் என்று திருப்பிக் கேட்பேன்.

வாசகர், சேலம்: செய்தியை மறைத்த டி.வி. உண்டா?

பேஷாக உண்டு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்து டபிள்யூ.எல்.பி.டி. சேனல் 1955-ல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் திரையில் தோன்றியபோது, ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்று அட்டை போட்டது. நம் ஊர்த் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ எவ்வளவு அப்பாவி!

எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் 1964-ல் ஒரு வாரம் அந்தச் சேனலைக் குறிப்பெடுக்கப் பழக்கப்பட்ட தொண்டர்களை உட்கார வைத்தார். ஆபத்து என்பதால் அவர்கள் பெயர்களை வெளியிடவில்லை. அந்தக் குறிப்புகளோடு, சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று முறையிட்டார். பார்ப்பவனுக்கு உரிமம் பற்றிப் பேச என்ன பாத்தியதை என்றது அரசு ஆணையம். உண்டு என்றது நீதிமன்றம், 1966-ல். 1969-ல் உரிமம் போயிற்று. நிருபர் யாரும் செய்யாத வேலை, வீட்டில் டி.வி. பார்த்தவர்கள் செய்தது.

வாசகர், கோவை: எழுதியதற்காகப் பத்திரிகைகள் மீது வழக்கு?

வரிசையாக. 1960-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ விளம்பரம் ஒன்றில் மார்ட்டின் லூதர் கிங் 7 முறை கைதானார் என்றிருந்தது. உண்மையில் 4 முறை. இப்படிச் சில்லறைப் பிழைகளைப் பிடித்துக்கொண்டு மான்ட்கோமரி அதிகாரி சல்லிவன் வழக்குப் போட, அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் நஷ்டஈடு தீட்டியது. அன்று அச்சான சுமார் 6.5 லட்சம் பிரதிகளில் அலபாமாவுக்குப் போனதே ஏறக்குறைய 394. மானம் போனதெல்லாம் சாக்கு. வடக்கத்தி நிருபர்கள் ஊருக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். 1964-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பைத் தள்ளியது.

பெயர் வேண்டாம், திருச்சி: மறைத்த பத்திரிகை எதுவும் வாய் திறந்து வருத்தம் சொன்னதா?

கென்டக்கியின் லெக்சிங்டனில் ‘ஹெரால்ட் லீடர்’ சொன்னது. சிவில் உரிமை இயக்கச் செய்திகளை வெளியிடாமல் விட்டது கவனத்துக்கு வந்தது, வருந்துகிறோம் என்று முதல் பக்கத்தில் திருத்தம் போட்டார்கள். 2004 ஜூலை 4-ல்! நான் போட்ட திருத்தங்களில் அதிகம் தாமதமானதே மூன்று நாள்தான்.