மதர்போர்டு போய்விட்டது என்றால் லேப்டாப் எப்படி ஆன் ஆகிறது?

கேள்வி: 2014இல் வாங்கிய லேப்டாப். கோர் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஆமை வேகத்தில் ஓடியதால் சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். ஒருமுறை 34 சதவீதத்தில் நின்றது, அடுத்த முறை 71இல். இரண்டு முறையும் 80070570 என்று முடியும் பிழை எண். டி டிரைவில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறது சர்வீஸ் கடை. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மதர்போர்டு பழுதானால் பெரும்பாலும் திரையே வராது, அல்லது பாதியில் அணைந்துவிடும். உங்களுடையது 71 சதவீதம் வரை வேலை செய்திருக்கிறது. அந்தப் பிழை எண்ணுக்குப் பொருள், கோப்பைச் சரியாகப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்பதுதான். சந்தேகப்பட வேண்டியவை மூன்று: விண்டோஸை நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவ், ரேம், ஹார்ட் டிஸ்க்.

எல்லாவற்றுக்கும் முன்னால் படங்களை எடுத்துவிடுங்கள். இனி ஒருமுறைகூட நிறுவிப் பார்க்காதீர்கள். பார்ட்டிஷன் (சி, டி போன்ற டிஸ்க் பகுதி) எதையும் டெலீட் செய்யாதீர்கள். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசச் செயலி மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள் (ஹெச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவாவிலும் பெரும்பாலும் எஃப்12), வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட்டை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். டி டிரைவைத் திறந்து, படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

படங்கள் பத்திரமான பிறகு சோதனை. அதே மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பாருங்கள். ‘ரீஅலோகேட்டட் செக்டார்’, ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ ஆகிய இரு வரிகளிலும் 0 இருக்க வேண்டும். இரண்டாவதில் 8, 16 என்று ஏதாவது இருந்தால், அத்தனை இடங்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை. பத்து வயது தாண்டிய டிஸ்க்கில் இது அடிக்கடி காண்பதுதான். விண்டோஸ் மெதுவானதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

டிஸ்க் சுத்தமாக இருந்தால் ரேமைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பது ரேம் கோளாறின் குணமும்கூட. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் ஆகாது. மாற்றும்போது டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காராது. இரண்டும் நன்றாக இருந்தால் பென் டிரைவ்தான் மிச்சம்: வேறொன்றில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து புதிதாக இறக்கி எழுதுங்கள்.

டிஸ்க்தான் குற்றவாளி என்றால் அதற்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்), 240 அல்லது 256 ஜிபி போதும். சின்ன அட்டை வடிவில் வரும் எம்.2 எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள், அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் அதற்கு இடம் இல்லை. பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தையும் அதன் சின்னத் திருகுகளையும் தூக்கிப் போடாதீர்கள், புது எஸ்எஸ்டியை அதே சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். கடையில் மாற்றினால் பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு அது தேவைப்படும். பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கிவிடுங்கள், உங்கள் படங்கள் அதில் இன்னும் இருக்கின்றன.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பதால் உங்கள் லேப்டாப் அந்தப் பட்டியலில் வராது. பாங்க் வேலை, இணையம், கடிதம் இவைதான் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே நிறுவிவிடுங்கள் என்போம். 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் புது கீ (உரிம எண்) வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது, டிஸ்க் மாறினாலும் போகாது. முன்பு இருந்தது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்றால் அதையே நிறுவுங்கள். ‘ப்ரோ’ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.