வேலையை விடாமல் மருத்துவப் பள்ளிக்கான அறிவியல் பாடங்களை முடிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. தமிழ்நாட்டில் பி.இ. முடித்து, அமெரிக்காவில் எம்.எஸ். படித்து, இப்போது நியூஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கவில்லை. இங்குள்ள மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கத் தேவையான அறிவியல் பாடங்களை வேலையில் இருந்தபடியே முடிக்க இயலுமா? எவ்வளவு காலம் ஆகும்?

பதில்:

இயலும். நான் 35 வயதில் தொடங்கி மூன்று ஆண்டு நான்கு மாதங்களில் முடித்தேன். அதில் ஓர் ஆண்டு என் அவசரத்தால் வீணானது. இப்போது மருத்துவப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நானும் உங்களைப் போலவே பிளஸ் டூவில் உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுத்தவள், அதுவும் தமிழ் வழியில்.

பாடங்களைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறதா? எச்1பி விசாவில் இருப்பவர் மாலை வகுப்பில் சேர்ந்து படிக்கத் தடையில்லை. ஆனால் மருத்துவப் பள்ளிகளில் பல, குடிமக்களையும் கிரீன் கார்டு என்ற நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. வெளிநாட்டவரைச் சேர்க்கும் பள்ளிகளிலும் அரசின் கல்விக்கடன் அவர்களுக்குக் கிடையாது. நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் முதல் பாடத்துக்குப் பணம் கட்டினேன்.

பள்ளிக்குப் பள்ளி சிறு வேறுபாடுகள் இருந்தாலும் பெரும்பாலானவை கேட்பது இவற்றைத்தான்: பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகிய நான்கும் ஆய்வகத்துடன் தலா இரண்டு செமஸ்டர், அதன் பிறகு உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர். ஆய்வகப் பாடம் ஒன்றுக்கு நான்கு கிரெடிட், உயிர்வேதியியலுக்கு மூன்று என்று வைத்தால் மொத்தம் 35 கிரெடிட். இயற்பியலில் கால்குலஸ் வழிப் பாடத்தை எடுக்கத் தேவையில்லை. இயற்கணித வழிப் பாடமே பெரும்பாலான பள்ளிகளுக்குப் போதும். பொறியியல் படித்த பெருமைக்காகக் கடினமானதைத் தேர்ந்தெடுத்து பி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கரிம வேதியியலின் இரண்டாம் செமஸ்டருக்குப் பதிலாக உயிர்வேதியியலை ஏற்கும் பள்ளிகளும் இப்போது கணிசமாக உள்ளன. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்க எண்ணும் பள்ளிகளின் பட்டியலை முதலிலேயே எடுத்து, ஒவ்வொன்றும் கேட்பதை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது வேதியியல்தான். இயற்பியலையும் உயிரியலையும் எந்தச் செமஸ்டரிலும் செருகிக்கொள்ளலாம். வேதியியலோ சங்கிலி: பொது வேதியியல் ஒன்று, இரண்டு, கரிம வேதியியல் ஒன்று, இரண்டு, பிறகு உயிர்வேதியியல். முந்தையதை முடிக்காமல் அடுத்ததில் பெயர் பதிய விடமாட்டார்கள். ஐந்து செமஸ்டர் என்றால், ஆகஸ்டில் தொடங்கினால் மூன்றாம் ஆண்டு டிசம்பரில் முடியும்; அதாவது இரண்டு ஆண்டு நான்கு மாதம். கோடைக்காலத்தில் சுருக்கி நடத்தும் வகுப்புகளில் சேர்ந்து இதைக் குறைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் பதினைந்து வாரப் பாடத்தை ஐந்தாறு வாரத்தில் முடிக்கும் அந்த வகுப்புகளை முழுநேர வேலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலச் செமஸ்டரில் கரிம வேதியியலையும் இயற்பியலையும் சேர்த்தே எடுத்தேன். அலுவலகத்திலோ அப்போது ஒரு பெரிய தரவுத்தள மாற்றம் நடந்துகொண்டிருந்தது. கரிம வேதியியலின் முதல் தேர்வில் நூற்றுக்கு 54. வினைகளைப் பிளஸ் டூவில் செய்ததைப் போலவே நெட்டுருப் போட்டிருந்தேன். தேர்விலோ புத்தகத்தில் இல்லாத மூலக்கூறைக் கொடுத்து, எலெக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகரும் என்று அம்புக்குறி வரையச் சொன்னார்கள். அந்தப் பாடத்திலிருந்து விலகினேன். மதிப்பெண் பட்டியலில் அது ‘டபிள்யூ’ என்று பதிவானது. அது சராசரியைக் குறைக்காது. ஆனால் அந்தப் பாடத்தின் மாலை வகுப்பு இலையுதிர்காலத்தில் மட்டுமே நடந்ததால் முழுதாக ஓர் ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு அதை மட்டும் தனியாக எடுத்தேன். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் பத்து வினைகளை, புத்தகத்தைப் பார்க்காமல், அம்புக்குறிகளோடு வரைந்தேன். சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வடிவம் கோணாமல் வரவே மூன்று வாரம் ஆயிற்று. “இன்னுமா கால் ஒடிந்த நாற்காலி?” என்று என் கணவர் கேலி செய்வார். அந்த முறை ஏ கிடைத்தது.

விலகியது சரியா, சி வாங்கியாவது முடித்திருக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்தியாவில் படித்து வந்தவர்கள் இதற்கு ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மருத்துவப் பள்ளிகளுக்குப் பொதுவான ஏஎம்கேஸ் விண்ணப்பத்தில், வெளிநாட்டுக் கல்லூரியில் பெற்ற மதிப்பெண்கள் ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரியில் சேர்வதில்லை. உங்கள் எம்.எஸ். மதிப்பெண்ணும் பட்டமேற்படிப்பு என்று தனிக் கணக்கில் போய்விடும். ஆகவே இளநிலை ஜிபிஏ என்ற இடத்தில் நிற்கப்போவது இந்த 35 கிரெடிட்டும் இதனோடு நீங்கள் எடுக்கும் ஓரிரு பாடங்களும் மட்டுமே. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் சி வாங்கி, மற்ற அனைத்திலும் ஏ வாங்கினாலும் சராசரி நான்குக்கு 3.77 ஆகிவிடும். இருபது வயதில் நூற்றிருபது கிரெடிட் படித்தவருக்கு அதே சி உறைக்காது. திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் பழைய சி மறையாது, இரண்டுமே கணக்கில் வரும். எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி பள்ளிகளின் விண்ணப்பத்தில் மட்டும் புதிய மதிப்பெண் பழையதை நீக்கும் வழக்கம் இருந்தது. அதையும் 2017இல் நிறுத்திவிட்டார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால், ஒரு செமஸ்டருக்கு ஓர் அறிவியல் பாடம், நன்றாகப் போனால் இரண்டு என்பதே வேலையில் இருப்பவருக்குப் பாதுகாப்பான வேகம் என்பது விளங்கும்.

எங்கே படிப்பது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. பிரின் மார், கௌச்சர் போன்ற கல்லூரிகள், அறிவியல் படிக்காதவர்களுக்கென்றே ‘போஸ்ட் பேக்’ என்ற முழுநேரத் திட்டத்தை நடத்துகின்றன. ஏறத்தாழ ஓர் ஆண்டில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம், ஆனால் வேலையை விட வேண்டும், கட்டணமும் அதிகம். கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி மிக மலிவு, மாலை வகுப்புகளும் உண்டு. எனினும் அறிவியல் பாடங்களை நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பதையே விரும்பும் பள்ளிகள் உண்டு. மூன்றாவது, உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் நாடாத மாணவராகச் சேர்வது. நான் பொது வேதியியலையும் உயிரியலையும் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, மற்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். நேர்காணல்களில் எவரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பொது வேதியியலின் மூன்றாம் வாரம் தரம் பார்த்தல் சோதனை. பிளஸ் டூவில் ஆண்டு முழுதும் செய்ததுதானே என்று துணிச்சலோடு பிப்பெட்டை எடுத்து, எங்கள் பள்ளியில் பழகிய பழக்கத்தில் வாயில் வைத்து உறிஞ்சப் போனேன். எதிரே நின்ற பதினெட்டு வயதுப் பெண் அலறினாள். ஆசிரியர் ஓடி வந்து, ஒரு ரப்பர் குமிழைக் கையில் திணித்து, எல்லோர் முன்னிலையிலும் பாதுகாப்பு விதிகளை மறுபடி வாசிக்க வைத்தார். காது மடல் சூடாகிவிட்டது. ஆனால் பியூரெட்டைத் திறந்து, துளித்துளியாக விட்டு, பினாப்தலின் வெளிர் இளஞ்சிவப்பில் நிற்கும் அந்த ஒரு துளியில் நிறுத்தியது அந்த அறையில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் குடுவையில் ரோஸ் மில்க் போல நிறம் ஏறியிருந்தது. வகுப்பு முடிந்ததும் இதை எங்கே கற்றாய் என்று ஆசிரியர் கேட்டார். அன்று தொடங்கிய பேச்சுதான் பின்னாளில் பரிந்துரைக் கடிதமாக வந்தது. பல பள்ளிகள் அறிவியல் ஆசிரியர் இருவரின் கடிதத்தைக் கேட்கும். அலுவலகத்திலிருந்து ஓடி வந்து வகுப்பு முடிந்ததும் ஓடிவிடும் நம்மைப் போன்றவர்களை ஆசிரியருக்கு முகம் தெரியாது. ஆகவே ஆசிரியரைத் தனியே சந்திக்கும் நேரத்தில் மாதம் ஒரு முறையாவது போய் உட்காருங்கள். கடிதத்தை அந்தச் செமஸ்டர் முடியும்போதே கேட்டு வாங்கி, இன்டர்ஃபோலியோ போன்ற சேவையில் சேமித்துவிடுங்கள்.

மருத்துவப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட் தனிப் பதிலுக்கு உரியது. இங்கே சில செய்திகள் போதும். உயிர்வேதியியலை முடிக்காமல் எழுதாதீர்கள். உளவியல், சமூகவியல் பகுதியும் உண்டு என்பதால் அவற்றில் ஒரு செமஸ்டர் படிப்பது உதவும். கால்குலேட்டர் அனுமதி இல்லை. மடக்கை அட்டவணையோடு வளர்ந்த நமக்கு அது பெரிய சிரமம் அல்ல. தமிழ் வழியில் படித்த என்னை வாட்டியது வாசிப்புப் பகுதிதான்: 90 நிமிடத்தில் ஒன்பது உரைப்பகுதிகள், 53 கேள்விகள். அதற்கு மட்டும் எட்டு மாதம் பழகினேன்.

பாடங்கள் முடிந்த மறுநாளே பள்ளியில் சேர முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். விண்ணப்பத்தை மே இறுதியிலோ ஜூன் மாதத்திலோ அனுப்பினால், வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டுக் கோடையில். நீங்கள் இந்த ஆகஸ்டில் தொடங்கி எங்கும் தடுக்காமல் போனால், மருத்துவப் பள்ளியில் சேர்ந்து வெள்ளைக் கோட்டு அணியும்போது உங்களுக்கு 37 வயது ஆகியிருக்கும். எனக்கு 40.

ஆகஸ்டில் சேர எண்ணினால், உங்கள் பி.இ. மதிப்பெண் பட்டியலை டபிள்யூஇஎஸ் போன்ற நிறுவனத்தில் மதிப்பீட்டுக்கு இப்போதே அனுப்புங்கள். ஏஎம்கேஸுக்கு அது பயன்படாது. ஆனால் பல கம்யூனிட்டி காலேஜ்கள் அதைப் பார்த்துக் கணிதத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கும். இல்லாவிட்டால் அந்தத் தேர்வை எழுதிய பிறகே பொது வேதியியலில் பெயர் பதிய முடியும். மாலை நேர ஆய்வகத்தில் இடங்கள் குறைவு. பதிவு தொடங்கிய சில நாட்களிலேயே நிரம்பிவிடும்.