பூர நட்சத்திரத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு ‘ட’ எழுத்தில் நல்ல தமிழ்ப் பெயர் சொல்ல முடியுமா?

என் மூத்த மகனும் பூரம்தான், இரண்டாம் பாதம். 2016-இல் இதே ‘ட’வை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் இந்நேரம் இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு பட்டியல் வந்துகொண்டிருக்கும், பெயர் விடும் நாளும் நெருங்கியிருக்கும்.

கேள்விக்கு நேரான பதில்: கிடைக்காது. தமிழில் ட சொல்லுக்கு முதலெழுத்தாக வராது. தொல்காப்பியம், நன்னூல் இரண்டிலும் அதுதான் விதி. பஞ்சாங்கத்தில் 27 நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகள் உண்டு. அவை வடமொழி ஒலிகளை வைத்து வகுத்தவை. பூரத்துக்கு மோ, ட, டி, டு. அஸ்தத்துக்கு ‘ண’ கூட இருக்கிறது. எவ்வளவு தேடியும் சிக்கவில்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

எங்களுக்கு ஜாதகம் எழுதியவர், “இங்கிலீஷில் டி போட்டு எழுதினால் சரி, தினேஷ், தர்ஷன் எல்லாம் அதில் அடங்கும்” என்றார். ஆங்கிலத்தில் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் ஒரே எழுத்து என்பதால் வந்த வழி அது. நாங்களும் செல்போன் செயலி ஒன்றில் தேடி, ‘இத்’ என்று முடியும் ஒரு பெயரை எடுத்தோம். பொருள் ‘ஒளி’ என்று போட்டிருந்தது. பின்னால் சமஸ்கிருதம் படித்த நண்பரிடம் கேட்டபோது அப்படி ஒரு சொல்லே இல்லை என்றார். ஆறு வயதில் அவன், “என் பேருக்கு என்னப்பா அர்த்தம்?” என்று கேட்டான். அன்று நான் பேச்சை மாற்றியது இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஜாதகம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஜாதகம் எழுதித்தான் வைத்திருக்கிறோம். வடமொழிப் பெயர் வைத்தவர்களைத் திட்டுகிறேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பெயரே வடமொழிதான்.

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்ததுதான். என் அப்பா பெயர் இசக்கிமுத்து. அது வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று சொன்னது என் மனைவியோ அவள் வீட்டாரோ இல்லை, நான்தான். அப்பா, “உங்களுக்குப் பிடிச்சத வைங்கப்பா” என்றதோடு சரி. நாங்கள் வைத்த பெயர் கடைசி வரை அவர் வாயில் நுழையவில்லை. “பேராண்டி” என்றுதான் கூப்பிட்டார். 2019-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

2021-இல் இரண்டாவது மகன் பிறந்தான். சித்திரை நட்சத்திரம், பே, போ, ர, ரி. எழுத்தைப் பார்க்கவே இல்லை, இசக்கிமுத்து என்றே வைத்தோம். அப்புறம்தான் வேறொரு சிக்கல். ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஈ-யா ஐ-யா? அப்பாவின் பேங்க் பாஸ்புக்கில் ஒன்று, வாக்காளர் அட்டையில் இன்னொன்று. அவர் பணத்தை எடுக்க நான் அலைந்த அலைச்சல் அந்த ஒரு எழுத்தால்தான். அதனால் சொல்கிறேன், அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் போதும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆங்கில எழுத்துகளை வீட்டில் நாலு பேர் பார்த்து முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வேலைக்காக நாங்கள் இப்போது புனேயில் இருக்கிறோம். பள்ளிப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம். என் பெயரை எழுதினேன். இப்போது வகுப்பில் மூத்தவனை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சான்றிதழிலும் என் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. எங்கள் ஊரில் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது என்று இரண்டு முறை போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓடியவன் அவன்தானே?

சரி, சின்னவனுக்குப் பெயர் விட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன். அக்கா மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை காதில் சொன்னாள். அடுத்து அம்மா. கல்யாணமான நாளிலிருந்து அப்பா பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். குனிந்து, முந்தானையால் பிள்ளையின் காதை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று வரை அவனை “எய்யா” என்றுதான் கூப்பிடுகிறாள். போன வாரம் அவன் பாலைக் கொட்டிவிட்டான் என்று நான் முழுப் பெயரையும் சொல்லிச் சத்தம் போட்டேன். உள்ளேயிருந்து வந்துவிட்டாள். “அடிக்கணும்னா அடி. அந்தப் பேரச் சொல்லி அதட்டாத.”