பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய பத்திரம் விவாகரத்து ஆகுமா?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு 2019-ல் மதுரையில் கல்யாணம் நடந்தது. கணவருக்குச் சென்னையில் தனியார் கம்பெனி வேலை. நான்கு வயதுப் பெண் குழந்தையோடு இரண்டு வருடமாக அப்பா வீட்டில் இருக்கிறேன். போன வருடம் இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கினார்கள். இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். என்னுடைய 35 பவுன் நகை இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது அவருக்கு வேறு பெண் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். அந்தப் பத்திரம் செல்லுமா? கேஸ் போட்டால் சென்னைக்கு அலைய வேண்டுமா? எதை முதலில் செய்வது?

பதில்: செல்லாது. இந்து திருமணச் சட்டம், 1955-ன்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைதான் கலைக்க முடியும். முத்திரைத் தாள் எத்தனை ரூபாய்க்கு வாங்கியது, யார் யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. சமூக வழக்கப்படி அத்துவிடும் முறைக்குச் சட்டத்தின் 29(2) பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வழக்கம் அந்தச் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்று ஆதாரத்தோடு நிரூபிக்கும் பொறுப்பு, இருக்கிறது என்று சொல்பவர் தலையில்தான். பெரும்பாலான வழக்குகளில் அது முடிவதில்லை.

எனவே இன்றைய தேதியில் நீங்கள் அவருடைய மனைவி. தீர்ப்பாணை இல்லாமல் அவர் செய்யும் இரண்டாவது கல்யாணம் சட்டப்படி செல்லாதது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ம் பிரிவில் அது ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. பெண் பார்ப்பது உறுதி என்றால் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால், மறுமணம் செய்யக் கூடாது என்று குடும்ப நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். நடந்து முடிந்தபின் இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் இதில் சிக்கிக்கொள்ளும்.

பத்திரம் செல்லாது என்பதால் அதை மறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆபத்து அதன் வாசகத்தில் இருக்கிறது. ‘மனமொத்துப் பிரிகிறோம்’ என்ற வரியைக் காட்டி அவர் தரப்பு இரண்டு வாதங்களை வைக்கும். ஒன்று: கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144(4) பிரிவுப்படி மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. இரண்டு: சேர்ந்து பேசிப் பிரிந்திருக்கும்போது, அவர் உங்களைக் கைவிட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? எந்தச் சூழ்நிலையில் அங்கே கையெழுத்துப் போட்டீர்கள், யார் யார் இருந்தார்கள், படித்துப் பார்க்க விட்டார்களா என்பதை இப்போதே தேதியோடு எழுதி வக்கீலிடம் கொடுங்கள். இரண்டு லட்சம் வாங்கியதை மறைக்க வேண்டாம். மனுவில் நீங்களே சொல்லிவிட்டால் அது கழித்துக்கொள்ளும் தொகை மட்டும்தான். மறைத்து, குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் உங்கள் மற்ற வார்த்தைகளையும் கோர்ட் சந்தேகிக்கும்.

சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கல்யாணம் நடந்த ஊர் மதுரை. நீங்கள் இப்போது குடியிருப்பதும் மதுரை. மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2003-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஜீவனாம்ச மனுவுக்கும் குடும்ப வன்முறைச் சட்ட மனுவுக்கும் இதே வசதி உண்டு. அவர் முந்திக்கொண்டு சென்னையில் மனுப் போட்டால், மதுரைக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கைக்குழந்தை, வருமானம் இல்லாமை ஆகியவற்றை நீதிபதிகள் கருத்தில் கொள்கிறார்கள். சம்மன் வந்தால் மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் அது உங்களிடம் சேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பு கொடுத்துவிடுவார்கள். அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள்தான் அவகாசம்.

முதலில் போட வேண்டியது ஜீவனாம்ச மனு. விவாகரத்து வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டாலும் இதைப் போடலாம். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னபடி, ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். அதே தீர்ப்பின்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அவர் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கேட்கலாம். உங்கள் பிரமாணப் பத்திரத்தைத்தான் பலரும் அலட்சியமாக எழுதுகிறார்கள். ‘மாதம் 30 ஆயிரம் வேண்டும்’ என்று மொத்தமாகப் போட்டால் நிற்காது. ஸ்கூல் பீஸ், வேன், மருந்து, வாடகையில் உங்கள் பங்கு, மளிகை என்று இனம் பிரித்து, ரசீது இருப்பதை இணைத்து எழுத வேண்டும்.

சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று ஊரில் சொல்வது, 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று சொன்னதிலிருந்து வந்தது. அது கட்டாய அளவுகோல் அல்ல. கணவர் பெயரில் உள்ள சொத்தில் பாதி மனைவிக்கு என்ற விதியும் நம் சட்டத்தில் இல்லை. அதை நம்பிப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

குழந்தைக்கான ஜீவனாம்சம் உங்களுடையதிலிருந்து தனி. பத்திரத்தில் நீங்கள் எதை எழுதிக் கொடுத்திருந்தாலும் குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கும் கிடையாது, அவருக்கும் கிடையாது. மனுவில் இரண்டு தொகைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். உத்தரவு வாங்கியபின் நடக்கும் பெரிய தவறு ஒன்று: அவர் கட்டாமல் விட்ட தொகையை வசூலிக்க, அது நிலுவையான ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். ‘கொடுத்துவிடுவார்’ என்று இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் பழைய நிலுவைக்கு மேலே சொன்ன 144-ம் பிரிவில் வாரண்ட் கிடைக்காது.

நகைக்கு வருவோம். பிறந்த வீட்டில் போட்டதும், உங்களுக்கென்று பரிசாக வந்ததும் சீதனம். அது யார் பீரோவில் இருந்தாலும் உங்கள் தனிச் சொத்து. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ன் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுச் செய்தால், 19(8) பிரிவில் நகையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் இந்த மனுவைக் கொடுக்கலாம். 181 என்ற எண்ணில் வழி கேட்கலாம். நகை வழக்குகள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டியல்தான். ‘35 பவுன்’ என்று ஒரே வரியில் எழுதாமல் ஆரம், நெக்லஸ், வளையல், தோடு, தாலிச் செயின் என்று ஒவ்வொன்றையும் எடையோடு எழுதி, கடை பில்லை இணையுங்கள். பில் இல்லாததற்குக் கல்யாண வீடியோவிலிருந்து படம் எடுத்து எந்த நகை என்று குறியுங்கள். கடைசியாக அந்த நகை யார் கையில், எந்த லாக்கரில் இருந்தது என்பதும் வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது எப்.ஐ.ஆர். அல்ல, ஆனாலும் அந்தத் தேதியில் நீங்கள் நகையைக் கேட்டீர்கள் என்பதற்கு ஆதாரம்.

இனி விவாகரத்து. இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது ஆகிவிட்டது. மனுத் தாக்கலாகி முதல் வாக்குமூலம், ஆறு மாத இடைவெளி, பிறகு இரண்டாவது வாக்குமூலம். 18 மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும். 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில், இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்து ஒன்றரை வருடம் ஆகி, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் உண்மையாகவே தீர்ந்திருந்தால் இடைவெளியைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். சென்னையில் இருப்பவர் வீடியோ மூலம் ஆஜராகவும் நீதிமன்றம் அனுமதி தரலாம்.

இந்த மனுவில்தான் கவனம் முழுக்க இருக்க வேண்டும். வாய்ப் பேச்சாக ‘அப்புறம் தருகிறேன்’ என்றது எதுவும் பிறகு கிடைக்காது. நிரந்தர ஜீவனாம்சம் எவ்வளவு, எந்தத் தேதியில், டி.டி.யாகவா கணக்கிலா, எந்தெந்த நகை, எந்த நாளில் கைக்கு வரும், குழந்தையின் மாதத் தொகை, அது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும், யார் மேல் உள்ள எந்த வழக்கு வாபஸ் என்று எல்லாமே மனுவிலேயே இருக்க வேண்டும். பாதித் தொகையை முதல் வாக்குமூலத்தன்றும் மீதியை இரண்டாவது வாக்குமூலத்தன்றும் டி.டி.யாக வாங்குவது நல்ல ஏற்பாடு. பின்தேதியிட்ட செக்கை நம்பிக் கடைசிக் கையெழுத்தைப் போடாதீர்கள். தீர்ப்பாணை வரும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருவருக்கும் உண்டு. அந்த நாள் தாண்டியபின் உங்கள் கையில் பிடி எதுவும் இல்லை.

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் 13(1) பிரிவில் கொடுமை, இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டது போன்ற காரணங்களை நிரூபித்து வாங்க வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும். ‘மணவாழ்க்கை மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது’ என்பதை மட்டும் காரணமாகக் காட்டி விவாகரத்துக் கொடுக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு, குடும்ப நீதிமன்றத்துக்கு இல்லை.

குழந்தை விஷயத்தில் ஐந்து வயது வரை தாயிடம் இருப்பதுதான் சட்டத்தின் பொதுவான நிலை. அதன் பிறகும் குழந்தையின் நலன்தான் அளவுகோல். அப்பா பார்ப்பதற்கான ஏற்பாட்டை நீங்களே தெளிவாக முன்வையுங்கள்: மாதத்தில் எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் அழைத்து வருவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள். ‘இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்’ என்று எழுதினால் அடுத்த சண்டைக்கு அதுவே இடம் கொடுக்கும்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து பத்திரத்தோடு ஒதுங்கிவிட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். சொந்தமாக வக்கீல் வைத்தால், குடும்ப நீதிமன்ற வழக்குகளையே அதிகம் பார்ப்பவராக இருக்கட்டும். வரும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசுவதற்குப் பார் கவுன்சில் விதிகள் தடை போடுகின்றன. அப்படிக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தாக்கலான மனுவின் நகலையும் சி.என்.ஆர். எண்ணையும் (ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி அடையாள எண்) வாங்கிவிட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். பரஸ்பர சம்மத மனுவை இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் போடுவது வழக்கத்தில் இருக்கிறது. நகையும் பணமும் இன்னும் கைக்கு வராத உங்கள் நிலையில் தனி வக்கீல் வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் சந்திப்புக்கு எடுத்துப்போக வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அந்த முத்திரைத் தாள், வங்கிப் பாஸ்புக், நகை பில். வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் போனை மாற்றாமல், எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். அச்சிட்டுக் கொடுக்கும்போது மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் சேர்க்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, அங்கேயே நின்று உங்கள் பெயர், அவர் பெயர், கல்யாணத் தேதி, ஜீவனாம்சத் தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் உடனே திருத்த மனுப் போடுங்கள். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் போகும் இடமெல்லாம் அது இடறும்.