நட்சத்திர மீன் ஏன் ஜெல்லி மீனுக்குப் பக்கத்தில் இல்லை?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறாள். நீட் தேர்வுக்கும் தயாராகிறாள். விலங்கியலில் 'விலங்குலகம்' பாடம் அவளைக் குழப்புகிறது. பயிற்சி மையத்தில் வாங்கிய ஒரு பக்கச் சார்ட்டில் ஜெல்லி மீனும் நட்சத்திர மீனும் 'ஆரச் சமச்சீர்' என்று ஒரே கட்டத்தில் இருக்கின்றன. பாடப்புத்தகத்திலோ ஜெல்லி மீன் ஆரம்பத்தில் வருகிறது, நட்சத்திர மீனோ நாமெல்லாம் அடங்கும் முதுகுநாணிகளுக்குச் சற்று முன்னால் வருகிறது. எது சரி? எதை மனப்பாடம் செய்யச் சொல்வது? சார்ட்டுக்கு 450 ரூபாய் கொடுத்திருக்கிறோம். – ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: புத்தகம்தான் சரி, அம்மா. சார்ட்டில் இருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையில் பாதியை மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள், மீதிப் பாதியைத்தான் தேர்வில் கேட்பார்கள். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிப்பார்கள். அப்படியானால் இந்த ஒரு குழப்பத்தால் உங்கள் மகள் இழப்பது 5 மதிப்பெண்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இதே கேள்வியை ஏதோ ஒரு வடிவில் ஒவ்வோர் ஆண்டும் கேட்டிருக்கிறேன். குழப்பம் பிள்ளைகளிடம் இல்லை, நாம் பாடத்தைத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எல்லாருமே சமச்சீரில்தான் தொடங்குகிறோம். வட்டமாக இருந்தால் ஆரச் சமச்சீர், இடம் வலம் இருந்தால் இருபக்கச் சமச்சீர், எதுவுமில்லாமல் இருந்தால் கடற்பஞ்சு. படம் வரைவது சுலபம், அதனால் அதுவே முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளை அதைப் படித்ததும் வெளித்தோற்றத்தை வைத்துத்தான் விலங்குகளைப் பிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறது.

இந்தத் தவறைப் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். பிரான்ஸின் விலங்கியலாளர் குவியே 1817-இல் வெளியிட்ட தன் நூலில் விலங்குகளை நான்கு பெரும் பிரிவாகப் பிரித்தார். அதில் ஒன்று ஆரவுடலிகள். ஜெல்லி மீனையும் நட்சத்திர மீனையும் அந்த ஒரே பிரிவில்தான் போட்டார். 1840-களின் கடைசியில் ஜெர்மனியில் லியூகார்ட் என்ற விலங்கியலாளர் அவற்றைப் பிரித்து, ஜெல்லி மீன் சேர்ந்த குழியுடலிகள் வேறு, நட்சத்திர மீன் சேர்ந்த முட்தோலிகள் வேறு என்று காட்டினார். உங்கள் மகள் கையில் இருக்கும் சார்ட் இன்னும் 1817-இலேயே நிற்கிறது.

விலங்குகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரு தெருவில் இருக்கும் வீடுகளை வகைப்படுத்தச் சொன்னால் பெயின்ட்டைப் பார்க்க மாட்டோம். எத்தனை சுவர், நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், பூச்சு எங்கே வரை வந்திருக்கிறது என்று பார்ப்போம். விலங்குக்கும் அதேதான். கருவில் எத்தனை அடுக்கு என்பது முதல் கேள்வி. ஜெல்லி மீனுக்குப் புற அடுக்கு, அக அடுக்கு என இரண்டே அடுக்கு. நடுவில் இருப்பது கூழ். அந்தக் கூழைத் தனி அடுக்காகக் கணக்கில் சேர்க்கக் கூடாது, நிறையப் பேர் அங்கே தவறுகிறார்கள். தட்டைப்புழுவிலிருந்து நம் வரைக்கும் இரண்டுக்கும் நடுவே நடு அடுக்கு ஒன்று கூடிவிடுகிறது. தசையும் ரத்தக் குழாய்களும் அதிலிருந்துதான் வருகின்றன.

அடுத்த கேள்வி, உடல் சுவருக்கும் குடலுக்கும் நடுவே இடம் இருக்கிறதா? இதுதான் உடற்குழி. தட்டைப்புழுவில் அந்த இடத்தை மண் போட்டு நிரப்பியது போலத் திசு அடைத்துக்கொண்டிருக்கும், அதனால் உடற்குழி இல்லை. மண்புழுவில் இடமும் உண்டு, வெளிச்சுவரின் உட்பக்கத்திலும் குடலின் வெளிப்பக்கத்திலும் நடு அடுக்கு பூச்சாகப் பூசியிருக்கும். இரண்டு பக்கமும் பூச்சு இருந்தால் உண்மை உடற்குழி. குழந்தைகள் வயிற்றில் வரும் நாக்குப்பூச்சி இருக்கிறதே, அந்த உருளைப்புழுவில் இடம் உண்டு, ஆனால் வெளிச்சுவரில் மட்டும்தான் பூச்சு, குடல் பக்கம் வெறுமனே இருக்கும். பாதிப் பூச்சு, ஆகவே பொய் உடற்குழி. 'பொய்' என்றதும் குழியே கிடையாது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். குழி இருக்கிறது, பூச்சுதான் குறைகிறது.

இதற்குப் பிறகுதான் சமச்சீர், உடல் கண்டங்கள், முதுகுநாண் எல்லாம். அவை சுலபம், மகளே புத்தகத்தில் பார்த்துக்கொள்வாள்.

இப்போது நட்சத்திர மீனுக்கு வருவோம். இந்த ஒரு விலங்கில் கொஞ்ச நேரம் செலவழிக்க வேண்டும்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வலையில் சிவப்புக் குமிழ்கள் வைத்த நட்சத்திர மீன் ஏறும். உயிரோடு இருக்கும் ஒன்றைக் கடல் தண்ணீர் ஊற்றிய தட்டில் மல்லாத்திப் போட்டு மாணவர்களைச் சுற்றி நிற்க வைப்பேன். ஐந்து கைகளின் அடியிலும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதில் வரிசையாக மெல்லிய குழாய்க்கால்கள் நீண்டு தரையைத் தேடும். ஒரு கையை முதலில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தானே புரண்டுவிடும். அடுத்த முறை வேறொரு கையாலும் தொடங்கும். அதற்கு முன்பக்கம் எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவையும் பார்த்தால் ஆரச் சமச்சீர் என்பதில் சந்தேகமே வராது.

அது புரண்டபின் முதுகைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, இரண்டு கைகளுக்கு இடையில், சட்டைப் பொத்தான் மாதிரி சின்னதாக ஒரு தகடு இருக்கும். உடலுக்குள் ஓடும் நீர்க்குழாய்த் தொகுதியின் சல்லடை அது. முழுக்க முழுக்க வட்ட உடல் என்றால் ஒரே ஒரு பொத்தான், அதுவும் ஓரமாக எப்படி வந்தது? விடை அதன் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது.

முட்டையிலிருந்து வரும் லார்வா நட்சத்திரமாக இருக்காது. கண்ணாடி மாதிரி தெளிவாக, கடலில் மிதக்கும் மிகச் சின்ன உயிர். அதற்கு இடம் உண்டு, வலம் உண்டு. அப்பட்டமான இருபக்கச் சமச்சீர். கொஞ்ச நாள் அப்படியே நீந்திவிட்டு, அடியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்பே அதன் இடது பக்கத்தில் ஐந்து மடல் வைத்த ஒரு மொக்கு வளரத் தொடங்கியிருக்கும். இடது பக்க உடற்குழிப் பை ஒன்றுதான் வளையமாக வளைந்து அந்த நீர்க்குழாய்த் தொகுதியாகிறது. லார்வாவின் இடது பக்கம் நட்சத்திர மீனின் வாய்ப்பக்கமாகிவிடும். ஆக, இடம்-வலம் உள்ள உடலாகப் பிறந்து, வளரும்போது ஐந்தாரமாக மாறிக்கொள்ளும் விலங்கு இது. ஜெல்லி மீனின் வட்டத்துக்கும் இதன் வட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய பாறைகளில் இருபக்கச் சமச்சீர் கொண்ட முட்தோலிகளும் கிடைத்திருக்கின்றன. ஐந்து கை பிற்பாடு வந்தது என்பதற்கு அதுவும் சாட்சி.

சரி, முதுகுநாணிகளுக்குப் பக்கத்தில் ஏன் வைத்தார்கள்? கரு சின்ன உருண்டையாக இருக்கும்போது அதில் முதலில் ஒரு துளை விழும். மண்புழு, பூச்சி வகையறாக்களில் அது வாய்ப்பக்கத்தோடு சேர்ந்தது. நட்சத்திர மீனிலும் நம்மிலும் அது மலவாய்ப் பக்கம், வாய் தனியாகப் பிறகு திறக்கும். அந்த விஷயத்தில் நட்சத்திர மீன் நம் பங்காளி. மரபணு ஒப்பீடும் இதையேதான் சொல்கிறது. 2023-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மற்ற விலங்குகளில் தலையை அமைக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் உடல் முழுக்க வேலை செய்கின்றன, உடற்பகுதிக்கு உரியவற்றின் வேலை வெளித்தோலில் கிட்டத்தட்ட இல்லை என்று அதில் காட்டினார்கள். இது தேர்வுக்கு வேண்டாம். ஆனால் மகளிடம் சொல்லுங்கள், இதைக் கேட்ட பிள்ளை பாடத்தை மறக்காது.

தேர்வுக்கு வேண்டியது ஒரே வரி: முட்தோலிகளில் முதிர் உயிரி ஆரச் சமச்சீர், லார்வா இருபக்கச் சமச்சீர், மூன்று அடுக்கு, உண்மை உடற்குழி. கேள்வியில் 'முதிர்' என்ற சொல் இருக்கிறதா, 'லார்வா' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும்.

இன்னொரு பொறி நம் பெயர்களிலேயே இருக்கிறது. நட்சத்திர மீன் மீன் இல்லை, ஜெல்லி மீன் மீன் இல்லை, கணவாய் மீனும் மீன் இல்லை, அது நத்தையின் உறவான மெல்லுடலி. அலமாரியில் புத்தகம் அரிக்கும் வெள்ளிமீன் ஒரு பூச்சி. மோசமானது கடல் அட்டை. ரத்தம் குடிக்கும் அட்டை மண்புழுவின் உறவு, வளைத்தசைப் புழு. கடல் அட்டையோ நட்சத்திர மீனின் உறவு. நீளமாகப் படுத்துக் கிடப்பதால் புழு என்று நினைக்கத் தோன்றும். ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மகளிடம் காட்டுங்கள், உள்ளே ஐந்து அறை நட்சத்திரமாகத் தெரியும். கடல் அட்டையின் உடலும் இப்படித்தான், ஐந்து பட்டையாகத் தசை நீளவாக்கில் ஓடும். நட்சத்திர மீனைப் பிடித்து இழுத்து நீட்டிப் படுக்க வைத்த மாதிரி.

கடல் அட்டை பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. 'பிராக்டிகலுக்கு ஸ்பெசிமன் செட்' என்று காய்ந்த கடல் அட்டை, கடற்குதிரை, பவளம் எல்லாம் பையில் போட்டு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். என் மாணவர் ஒருவரும் ஒருமுறை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இவை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கடல் அட்டைக்கு 2001 முதல் பாதுகாப்பு உண்டு. வாங்கினாலும் வைத்திருந்தாலும் வழக்கு. விற்றவர் போய்விடுவார், பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பழைய பாட்டில்கள் போதும்.

சார்ட் வியாபாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பக்கத்தில் விலங்குலகம், ஒரு மணி நேரத்தில் முழுப் பாடம், இதிலிருந்து இத்தனை கேள்வி நிச்சயம் என்று சொல்லிக் கடையிலும் போனிலும் விற்கிறார்கள். இவற்றில் பல ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை. ஒருவர் செய்த தவறு அப்படியே பத்துப் பெயரில் வருகிறது. கட்டத்துக்குள் இடம் போதாது என்பதற்காக 'லார்வா' என்ற சொல்லை வெட்டியிருப்பார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் கேள்வியே. தேர்வுக்கு அடிப்படை என்சிஇஆர்டி புத்தகம், அதைக் கடையில் வாங்காமல் இணையத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் மாநிலப் பாடநூலும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் வைத்து மகளே தன் கையால் ஒரு அட்டவணை போடட்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும், போடும்போதுதான் மனதில் பதியும்.

தமிழ் வழி என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கடைசியாக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லும்போதே கோபம் வருகிறது. நீட் வினாத்தாளைத் தமிழில் கொடுக்கிறார்கள், ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி என்றும் விதி வைத்திருக்கிறார்கள். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு போனது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிழை செய்தவர்கள் யார், பிள்ளைகள் பட்ட நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? பாடநூல் ஒரு தமிழ்ச் சொல் சொல்கிறது, வினாத்தாள் இன்னொன்று சொல்கிறது. இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு பொதுச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்யத் தெரியவில்லையா?

அது மாறும் வரை பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவள் போடும் அட்டவணையில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலும் ஆங்கிலப் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும். முட்தோலிகள் என்றால் எக்கைனோடெர்மேட்டா, குழியுடலிகள் என்றால் சீலன்டிரேட்டா அல்லது நிடேரியா, உடற்குழி என்றால் சீலோம். மொத்தம் முப்பது நாற்பது சொல் வரும், ஒரு வாரத்தில் பழகிவிடும். தேர்வு அறையில் தமிழ் வாக்கியம் உறுத்தினால் உடனே பக்கத்தில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தைப் பார்க்கப் பயமே வரக் கூடாது.

450 ரூபாய் போனது போனதுதான், சார்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஆரச் சமச்சீர் கட்டத்தில் நட்சத்திர மீனுக்கு மேல் பேனாவால் 'முதிர் உயிரி மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். மற்றக் கட்டங்களையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு அவளே திருத்தட்டும். எத்தனை இடத்தில் பேனா வைக்க வேண்டியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.