எது கடைசி ஃபைல்?

கேள்வி: வேறு வேறு நாடுகளில் இருக்கும் விஞ்ஞானிகளும் இன்ஜினீயர்களும் சேர்ந்து வேலை செய்வதற்கென்றே கணினி அமைப்புகள் இருக்கின்றனவாமே. எதற்கு? ஈமெயிலும் வீடியோ காலும் போதாதா?

பதில்: பேசிக்கொள்ளப் போதும், சேர்ந்து ஒன்றைச் செய்து முடிக்கத்தான் போதாது. நாலு பேர் ஒரே வரைபடத்தைத் திருத்தி ஆளுக்கொரு மெயில் போட்டால், எது கடைசி ஃபைல் என்று மறுநாள் அனுப்பியவருக்கே குழம்பிவிடும். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கதையைப் பாருங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு குழு, பிரான்ஸின் துலூஸில் ஒரு குழு, இரண்டு பேரும் கேட்டியா என்ற ஒரே மென்பொருளில்தான் வரைந்தார்கள், ஆனால் ஒருவரிடம் 4ஆம் பதிப்பு, இன்னொருவரிடம் 5, இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. ஒரு விமானத்துக்குள் ஓடுவது ஏறக்குறைய 530 கிலோமீட்டர் வயர். பொருத்தப் போனால் நீளம் எட்டவில்லை! விமானத்தை ஒப்படைப்பது சுமார் 2 வருடம் தள்ளிப்போனது. அவர்களிடம் மெயிலும் போனும் இல்லாமலா இருந்தது?

அதனால்தான் இப்போது பெரிய வடிவமைப்பு வேலைகளில் எல்லா வரைபடமும் ஒரே பொதுக் கிடங்கில் இருக்கும். நீங்கள் ஒரு பாகத்தை எடுத்துத் திருத்தினால், திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் அதைத் திருத்த முடியாதபடி பூட்டியே இருக்கும். நிரல் எழுதுகிறவர்கள் வேறு வழி பிடித்தார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் அதற்காகவே எழுதிய கிட் என்ற மென்பொருள், பூட்டு எதுவும் போடாமல் எல்லோரையும் அவரவர் போக்கில் மாற்ற விடுகிறது, ஒரே வரியை இரண்டு பேர் வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால் மட்டும் நின்று, எது வேண்டும் என்று கேட்கும். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதும் அதில் இருக்கும், தப்பிக்கவே முடியாது.

கேள்வி: அப்படியானால் இந்தக் கிடங்கும் வேகமான இன்டர்நெட்டும் இருந்தால் வேலை முடிந்ததா?

பதில்: எங்கே! கருந்துளையின் முதல் படம் 2019 ஏப்ரலில் வந்ததே, அதற்காக 2017இல் 8 தொலைநோக்கிகள் சேர்த்த தரவு ஏறக்குறைய 5 பெட்டாபைட், அதாவது 50 லட்சம் ஜிபி. இன்டர்நெட்டில் அனுப்பினால் விடிந்துவிடும் என்று ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுபோனார்கள். தென்துருவத்தில் இருந்த டிஸ்க்குகளோ, குளிர்காலம் முடிந்து விமானம் போகிற வரை பல மாதம் அங்கேயே கிடந்தன.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. படம் உருவாக்க 4 குழுக்களாகப் பிரிந்தார்கள், ஒரு குழு இன்னொரு குழுவிடம் வாயே திறக்கக் கூடாது என்று விதி, ஏனென்றால் ஒருவர் ‘எனக்கு வளையம் தெரிகிறது’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் வளையத்தையே தேடுவார்கள். 2018இல் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிப் படங்களை அருகருகே வைத்தார்கள். நாலிலும் வளையம்.