தினமும் மரச்சீனி (மரவள்ளி) இலையை மேய்கிற மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஒருநாள் மட்டும் அதே இலை ஏன் கொல்கிறது? செடியில் இருக்கும் விஷம் ஆடு மாடுகளின் உடம்புக்குள் போய் என்ன ஆகிறது?

எங்கள் வீடு குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். சின்ன வயதில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்று மரச்சீனி பிடுங்கும் வேலை. விடிந்ததிலிருந்து எல்லோரும் விளையில். பசுவை அவிழ்த்து மேய்ச்சலுக்குக் கட்ட யாருக்கும் கை ஒழியவில்லை. மத்தியானம் அது முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஓரத்தில் குவித்திருந்த தழையில் வாய் வைத்துவிட்டது. பாட்டா பார்த்து விரட்டும்போது குவியலில் ஒரு பக்கம் காலி. கொஞ்ச நேரத்தில் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரை தள்ளியது. கால்கள் நடுங்கி அப்படியே சரிந்து விழுந்தது. பாட்டா அதன் கண் இமையை விலக்கிப் பார்த்தார். உள்ளே செம்பருத்திப் பூ நிறத்தில் சிவந்திருந்தது. சாகப்போகிற மாட்டுக்கு எப்படி இவ்வளவு நல்ல ரத்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இத்தனைக்கும் அதே பசு, மேய்ச்சலுக்குப் போகும் வழியில் வேலியோர மரச்சீனியில் தினமும் இரண்டு வாய் கடிக்காமல் நகராது.

மரச்சீனி இலையில் சயனைடு தனியாக இருப்பதில்லை. லினமாரின் என்ற பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி அதே இலையில் வேறோர் அறையில் இருக்கிறது. மாடு மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அசைபோடும் பிராணிகளுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்டின் முதல் இரைப்பையான ரூமன் வெதுவெதுப்பானது, அதிகப் புளிப்பு இல்லாதது, கோடானுகோடி நுண்ணுயிர்கள் நிறைந்தது. அந்த நுண்ணுயிர்களும் லினமாரினை உடைத்துவிடும். பன்றியின் வயிற்றில் இருக்கும் கடும் அமிலம் இலையின் நொதியை முடக்கிவிடுவதால், பன்றியை விட மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் இந்த விஷம் வேகமாக ஏறும்.

வெளிவந்த சயனைடு ரூமனின் சுவர் வழியாக நிமிடங்களில் ரத்தத்துக்குப் போகிறது. ஏப்பமாக மேலே வருவதில் ஒரு பங்கு நுரையீரல் வழியாகவும் சேர்கிறது. பிறகு அது உயிரணுக்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைப் பூட்டிவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், ஆனால் அதை எடுத்துக்கொள்ள உடம்பால் முடியாது. செலவாகாத ஆக்சிஜனோடு ரத்தம் திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு.

மாடு இதை எதிர்க்காமல் இல்லை. கல்லீரலில் ரோடனேஸ் என்ற நொதி, சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து தயோசயனேட் ஆக்குகிறது. அது விஷத்தன்மை மிகக் குறைந்தது, மூத்திரத்தில் போய்விடும். வேலியோரத்தில் கடித்த இரண்டு வாயை எங்கள் பசு தினமும் இப்படித்தான் சமாளித்திருக்கிறது. ஆனால் இந்த வேலைக்குக் கந்தகம் வேண்டும், நேரமும் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு ஒரே மூச்சில் ஏறினால் மாடு தாங்காது. 300 கிலோ பசுவுக்கு அது 600 மில்லிகிராம். ஒரு கிலோ பச்சைத் தழையில் 200 மில்லிகிராம் இருந்தால்கூட மூன்று கிலோ போதும். பசித்த மாட்டுக்கு மூன்று கிலோ தழை பெரிய விஷயமே இல்லை. அதே மூன்று கிலோவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அன்று பசுவை வீழ்த்தியதில் இலைக்கு எவ்வளவு பங்கோ, காலையிலிருந்து பட்டினி போட்ட எங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதை எழுதும்போது இன்றும் மனசு கனக்கிறது.

டாக்டர் பைக்கில் வந்து நரம்பில் சோடியம் தயோசல்பேட் போட்டார். ஃபோட்டோ ஸ்டுடியோவில் 'ஹைப்போ' என்பார்களே, அதே உப்புதான். கல்லீரலுக்குக் குறைந்துபோன கந்தகத்தை அது கொடுக்கிறது. அந்தியில் பசு எழுந்து நின்றது. இப்படி ஆனால் புளி கரைத்தோ எண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். மூச்சு முட்டும் மாட்டுக்கு அது நேராக நுரையீரலில் இறங்கும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அல்லது 1962-க்கு அழையுங்கள். கையில் இருப்பது நிமிடக் கணக்குதான்.

இலை வீணாகிறதே என்று நினைப்பவர்களுக்கு: நறுக்கி, மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் சயனைடின் பெரும்பங்கு ஆவியாகிவிடும். நறுக்குவதுதான் முக்கியம், அப்போதுதான் நொதி தன் வேலையை மாட்டின் வயிற்றுக்கு வெளியிலேயே முடிக்கும். லேசாக வாடிய தழையை நம்பவேண்டாம். கிழங்குத் தோலுக்கும் இதே கதைதான். தினமும் கொஞ்சம் தின்னும் மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கட்டாயம் கொடுங்கள். தயோசயனேட் தைராய்டுக்கு அயோடின் போகாமல் தடுக்கும். சினையாட்டுக்கு அது தொடர்ந்தால் குட்டி கழுத்து வீங்கிப் பிறக்கலாம்.

எல்லா விஷத்தையும் கல்லீரலே பார்த்துக்கொள்வதில்லை. சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலையில் மைமோசின் என்ற விஷம் இருக்கிறது. ரூமன் நுண்ணுயிர்கள் அதை டிஎச்பி என்ற இன்னொரு விஷமாக மாற்றிவிட்டு நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் முடி கொட்டி மெலிந்தன. ஹவாய்த் தீவு ஆடுகளுக்கோ ஒன்றுமே ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் ரூமன் நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார், அவையும் தேறின. டிஎச்பியைத் தின்னும் அந்த பாக்டீரியாவுக்கு 1992-ல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று அவர் பெயரையே வைத்தார்கள். மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தால் மற்றவற்றுக்கும் பரவிவிடும். படிக்கும்போது எனக்குப் புல்லரித்தது. மாட்டைக் காப்பாற்றியது மாடே அல்ல, அதன் வயிற்றில் குடியிருந்த இன்னொரு உயிர்.

உண்ணிச்செடி இதற்கு நேர் எதிர். அதில் உள்ள லான்டடீன் என்ற விஷம் பித்த ஓட்டத்தை அடைக்கும். பச்சையம் சிதைந்து வரும் ஒரு நிறமி வழக்கமாகப் பித்தத்தோடு வெளியேற வேண்டும், அது தேங்கித் தோலுக்கு வருகிறது. அதில் வெயில் பட்டதும் மூக்கும் வெள்ளைத் தோலும் வெந்து உரியும். கூடவே ரூமன் அசைவும் நின்றுவிடுவதால், உள்ளே கிடக்கும் இலையிலிருந்து விஷம் நாள்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படித் தோல் வெந்த மாட்டை உடனே நிழலில் கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

மரச்சீனி, சூபாபுல், உண்ணிச்செடி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பிய விசாகம் திருநாள் மகாராஜா ஆண்டது 1880 முதல் 1885 வரை. நம் மாடுகளுக்கு இந்தச் செடியோடு உள்ள பழக்கம் சில தலைமுறைதான்.

எங்கள் பசு அதற்குப் பிறகு மூன்று கன்று ஈன்றது. மரச்சீனி பிடுங்கும் நாளில் பாட்டா விடியுமுன் எழுந்து, அதன் முன்னால் வைக்கோலைப் போட்டு, வயிறு நிறையும்வரை பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார்.